மறு: நேரத் துடிப்பைப் பல கருவிகளுக்கு அனுப்பும் பெட்டி: ‘பங்கீட்டி’ வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு கடிகாரத்தின் துடிப்பைப் பல கருவிகளுக்கு அனுப்பும் பெட்டியான டிஸ்ட்ரிபியூஷன் ஆம்ப்ளிஃபயருக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டிருந்தேன். மூன்றே நாளில் இத்தனை மடல்கள் வந்ததில் ரொம்ப மகிழ்ச்சி. நேரப் பகிர்வி, நேரப் பங்கீட்டி, துடிப்புப் பிரிப்பான் ஆகிய மூன்றுக்கும் ஆதரவு இருக்கிறது. எனக்கோ மூன்றிலும் ஒரே தயக்கம்தான். போன மாதம் எங்கள் ஆய்வகத்தில் நடந்ததைச் சொன்னால் அது புரியும்.

கிண்டியில் எங்களுடையது சின்ன அளவுத்திருத்த ஆய்வகம். ஜிபிஎஸ் கடிகாரம் ஒன்று நொடிக்கு ஒரு துடிப்பு தரும். அதைத் துடிப்புகளை எண்ணும் கருவிகளான கவுண்டர்களுக்குக் கொண்டுபோக வேண்டும். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் ஒரு கேபிளை இரண்டாகக் கிளைக்க வைக்கும் T வடிவ கனெக்டர்களை வரிசையாகச் செருகி ஒவ்வொரு கவுண்டராக மாட்டிக்கொண்டே போனான். கடிகாரத்தின் துடிப்பு 5 வோல்ட், அதன் உள் மின்தடை 50 ஓம். ஒவ்வொரு கவுண்டரின் நுழைவாயிலும் 50 ஓம். ஒன்று மாட்டியபோது 2.5 வோல்ட். இரண்டு மாட்டியபோது 1.67. மூன்றாவதையும் மாட்டியதும் 1.25 ஆகிவிட்டது. 1.5 வோல்ட்டைத் தாண்டினால்தான் துடிப்பு என்று கவுண்டர்களில் வைத்திருந்தோம். அதனால் மூன்றாவது மட்டுமல்ல, அதுவரை ஒழுங்காக எண்ணிக்கொண்டிருந்த இரண்டும் சேர்ந்தே நின்றுபோயின.

“ரெண்டு பேருக்கு வந்துச்சே அண்ணா, மூணாவது ஆளுக்குப் பத்தலையா?” என்று கேட்டான். அவன் கேட்டது சரியான கேள்வி. பந்தியில் சாம்பார் பத்தாமல் போவது போலத்தான் அங்கே நடந்தது. அதற்குப் பெயர்தான் பங்கீடு.

நாம் பெயர் தேடும் பெட்டி செய்வது இதற்கு நேர்மாறான வேலை. உள்ளே வரும் ஒரு துடிப்பைப் பார்த்து, ஒவ்வொரு வாயிலுக்கும் தனித்தனியாக முழு உயரத் துடிப்பைப் புதிதாக எழுப்பித் தருகிறது. நல்ல பெட்டியில் ஒரு வாயிலின் கேபிள் ஷார்ட் ஆனாலும் பக்கத்து வாயிலுக்கு அது தெரியவே தெரியாது. எட்டுக் கருவி மாட்டினாலும் எட்டுக்கும் முழுத் துடிப்பு.

> பகிர்தல் என்றால் குறைய வேண்டும் என்று கட்டாயமா? கருத்தைப் பகிர்கிறோம், அது குறைகிறதா?

நியாயமான கேள்வி, அக்கா. ஆனால் மின்துறையில் பகிர்மானம் என்ற சொல் ஏற்கெனவே ஊன்றிவிட்டது. அங்கே ஆளுக்குக் கொஞ்சமாகப் போய்ச் சேர்வதுதான் பொருள். தவிர, பகிர்வி என்ற பெயருக்கு உரிய பொருள் வேறொன்று இருக்கிறது. மின்சாரமே தேவைப்படாத, வரும் ஆற்றலை இரண்டாகப் பிரித்து அனுப்பும் ஸ்பிளிட்டர். எங்கள் ரேக்கில் இரண்டும் மேலும் கீழுமாக இருக்கின்றன. ஒன்றின் பெயரை மற்றதற்குக் கொடுத்தால், அந்தத் தம்பி செய்த தவற்றை அடுத்தவர் சொல்லை நம்பியே செய்வார்.

என் முன்மொழிவு: துடிபரப்பி.

ஒலிபரப்பு, ஒளிபரப்பு இரண்டும் எல்லார் வாயிலும் புழங்கும் சொற்கள். பக்கத்து வீட்டில் வானொலி போட்டால் நம் வீட்டுப் பாட்டு குறைவதில்லை. அந்தப் பொருள் ‘பரப்பு’ என்பதிலேயே இருக்கிறது. துடி என்றால் துடிப்பு. பழந்தமிழில் அது ஒரு பறையின் பெயரும்கூட. ஒருவர் அடிக்க ஊரே கேட்கும் கருவி. இந்தப் பெட்டிக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

> 10 மெகாஹெர்ட்ஸ் ஆதார அலை துடிப்பே இல்லையே, சைன் அலைதானே?

உண்மை. நொடித் துடிப்போடு கருவிகளுக்கு அனுப்பும் அந்த அலைக்கு மயிலாப்பூர் நண்பர் சொன்ன ‘சுருதி’ என் மனதை விட்டுப் போகவில்லை. கச்சேரியில் சுருதிப் பெட்டி எந்த அட்சரத்தில் பாட்டை எடுக்க வேண்டும் என்று சொல்லாது. எல்லாரும் எதில் நிற்க வேண்டும் என்று மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கும். எப்போது எடுப்பது என்பதைச் சொல்வது தாளம். 10 மெகாஹெர்ட்ஸ் அலைக்கும் நொடித் துடிப்புக்கும் உள்ள உறவு அதேதான். சுருதி வடசொல் என்று ஐயா எழுதியிருந்தார். அதற்கு ஈடான ‘கேள்வி’யை எடுத்தால், கேள்வியலை என்று படிப்பவர் வினா என்றே நினைப்பார். சுருதிபரப்பி இருக்கட்டும் என்பது என் கருத்து.

பரப்புதல் என்றால் எல்லாருக்கும் ஒரே கணத்தில் போய்ச் சேரும் என்று தோன்றாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். நம் ஊர்க் கதையே இதற்குப் பதில். 1792-ல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த வானாய்வகத்தில் கணித்த மதராஸ் நேரத்தை ரயில்வே பின்பற்றிய காலம் உண்டு. நேரம் அறிவிக்கக் கோட்டையில் பீரங்கியும் சுட்டார்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 3.4 கிலோமீட்டர் தள்ளி இருந்தவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்தினால் 10 நொடி பிந்தியிருப்பார். நம் கோஆக்சியல் கேபிளிலும் இதுதான் கதை: மீட்டருக்குச் சுமார் 5 நானோநொடி, 20 மீட்டருக்கு 100. அதனால்தான் எல்லாக் கேபிளையும் ஒரே நீளத்தில் வெட்டுகிறோம். பக்கத்தில் இருக்கும் கருவிக்குப் போகும் கேபிள் மட்டும் சுருட்டிக் கட்டித் தொங்கும். தாமதம் கேபிளின் பாடு. அதைப் பெட்டியின் பெயரில் ஏற்ற வேண்டியதில்லை.

அப்புறம், நேரக் குறிப்பை ஓர் உருவிலிருந்து இன்னோர் உருவுக்கு மாற்றும் பெட்டி. நொடித் துடிப்பு “இதோ நொடி தொடங்கியது” என்று மட்டும்தான் சொல்லும், எந்த நொடி என்று சொல்லாது. ஐரிக்-பி குறிமுறை நொடிக்கு 100 துடிப்புகளை 2, 5, 8 மில்லிநொடி அகலங்களில் அனுப்பி, நாளையும் மணியையும் சேர்த்தே சொல்லிவிடும். துணைமின் நிலையங்களில் உள்ள, மின்பாதையைக் காக்கும் ரிலேக்கள் பல இதைத்தான் கேட்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 1 மில்லிநொடி தவறினால் மின்னலையின் கோணக் கணக்கில் 18 பாகை தவறும், ஆகவே அங்கே இது விளையாட்டுக் காரியம் இல்லை.

இந்தப் பெட்டிக்குத் ‘துடிபெயர்ப்பி’ என்று மொழிபெயர்ப்பை ஒட்டி முதலில் நானே எழுதி வைத்தேன். சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயர்த்தல் என்றால் இடம் நகர்த்துவது; கணத்தை நகர்த்தவே கூடாத பெட்டிக்கு அந்தப் பெயர் ஆகாது. ‘உருமாற்றி’ என்றால் உரு மட்டும் மாறுகிறது, கணம் அப்படியே நிற்கிறது. துடி உருமாற்றி என்பதே என் தேர்வு.

புதுப் பெட்டி திங்கட்கிழமை வருகிறது. முகப்பில் ஒட்டச் சீட்டு அச்சடிக்க வேண்டும். ஒலிபரப்பு போலவே ‘துடிபரப்பி’யும் ஒற்று இல்லாமல் வரும் என்றுதான் நினைக்கிறேன். ஐயா ஒருமுறை பார்த்துச் சொல்லிவிட்டால் அன்றைக்கே ஒட்டிவிடுவேன்.