பொருள்: ஓப்பன் கிராபிக்ஸ் ஹார்டுவேர் – தமிழில் என்ன சொல்லலாம்? (திங்கள் காலை அச்சு)

நாகர்கோவில், வெள்ளி இரவு

எல்லாருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கான பட்டறைக் கையேட்டில் 12ஆம் பக்கத்தில் சிக்கி நிற்கிறேன். திங்கள் காலை 9 மணிக்கு அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும், உதவுங்கள்.

விஷயம் இதுதான். எங்கள் ஆய்வகத்தில் ஒரு ரிஸ்க்-வி போர்டு இருக்கிறது, வழக்கமான பிசியில் இருப்பதல்லாத வேறு வகைச் செயலி. போன வாரம் அதில் பழைய ரேடியான் கிராபிக்ஸ் கார்டு (திரையில் படம் காட்டுகிற கார்டு) ஒன்றைச் செருகினோம். ஃபேன் சுற்றியது, திரையில் ஒன்றுமில்லை. கார்டின் ரோமில் (அதிலேயே பதிந்துள்ள நினைவகத்தில்) உள்ள தொடக்க நிரல் வழக்கமான பிசிகளின் எக்ஸ்86 செயலிக்கு எழுதியது, எங்கள் செயலிக்கு அது தெரியாத பாஷை. கொஞ்ச நேரம் கழித்து லினக்ஸ் எழுந்து, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் ஏறியதும் எழுத்துகள் கொட்டின, பிள்ளைகள் கைதட்டினார்கள். அதே ரோமுக்குள் ஆட்டம்பயாஸ் என்ற அட்டவணைகளும் உண்டு. அவற்றில் உள்ள கட்டளைகள் எந்தச் செயலிக்கும் சொந்தமில்லை, டிரைவரே வாசித்துக் கார்டை எழுப்பிவிடும். அந்த டிரைவரின் மூலநிரல் எல்லார் கையிலும் இருப்பதால்தான் ரிஸ்க்-விக்கும் தொகுக்க முடிந்தது. அப்புறம் இன்னொரு கார்டு, விலையும் வேகமும் கூடியது. அதன் டிரைவரை அந்த நிறுவனம் தொகுத்த கோப்பாக மட்டும் தருகிறது, எங்கள் செயலிக்குத் தரவே இல்லை. நல்ல கார்டு, ஒரு பழுதும் கிடையாது, பீரோவில் கிடக்கிறது.

இந்தப் பாடத்துக்கு ‘திறந்த வரைகலை வன்பொருள்’ என்று தலைப்பு வைத்தேன். ஒரு மாணவி அதற்குப் பக்கவாட்டு மூடி கழற்றிய சிபியு பெட்டிப் படம் வரைந்து தந்தாள். அவள் மேல் தப்பே இல்லை, சொல் அப்படித்தான் சொல்கிறது. வேறு சொல் வேண்டும்.

தக்கலை, வெள்ளி இரவு

டீச்சர், ‘திறந்த’ இறந்தகாலப் பெயரெச்சம். யாரோ திறந்து போட்டுவிட்டுப் போனது என்றுதான் காதில் விழும். வினைத்தொகை ஆக்குங்கள். திற + அட்டை = திறவட்டை. குடிநீர், சுடுசோறு மாதிரி முக்காலத்துக்கும் நிற்கும். ஓப்பன் சோர்ஸுக்குத் ‘திறமூலம்’ ஏற்கெனவே புழங்குகிறது, அதோடு சேர்ந்து நடக்கும்.

மார்த்தாண்டம், சனி காலை

திறவட்டையை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், ‘திற, வட்டை’ என்று கேட்கும். சிடியைத் திறக்கச் சொல்கிறோம் என்று பையன் நினைப்பான். நான் கணினி சரிசெய்கிற கடை வைத்திருப்பவன். வரைகலை அட்டை இருக்கிறதா என்று கேட்டு இதுவரை ஒருவரும் படியேறியதில்லை. கார்டைக் கார்டாக விடுங்கள், ‘ஓப்பன்’ என்பதற்கு மட்டும் சொல் தேடுங்கள்.

இன்னொன்று, 14ஆம் பக்கத்தில் ‘நான்-ஸ்டாண்டர்ட்’ என்பதற்குத் ‘தரமற்ற கணினிகளில்’ என்று இருக்கிறது. தரமற்றது என்றால் மட்டமான சாமான். ரிஸ்க்-வி போர்டு மட்டமான சாமானா? இதை உடனே மாற்றுங்கள்.

அதங்கோடு, சனி மதியம்

மக்களே, இரண்டாவதை முதலில் முடித்துவிடுவோம். சூத்திரம் சொன்னதில் அடங்காததை எல்லாம் அணைத்துக்கொள்ள நம் இலக்கணக்காரர்கள் புறனடை என்று கடைசியில் ஒன்று வைத்தார்கள். வழக்கமான பிசி வரிசையில் அடங்காதது ‘புறனடைக் கணினி’. இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்காது.

இனி ‘ஓப்பன்’. திறப்பைப் பற்றிப் பேசினால் கதவைப் பற்றியே பேச்சு போகிறது, பூட்டைப் பற்றிப் பேசுங்கள். ‘அன்பிற்கும் உண்டோ அடைக்கும்தாழ்’ என்றார் வள்ளுவர். தாழ் இல்லாதது தாழில், தாழில் கார்டு. சாவி என்பது போர்த்துக்கீசியர் கொண்டுவந்த சொல். நம் வீடுகளில் இன்றும் தாக்கோல் என்கிறோம், வடக்கே இருந்து வருகிறவர்கள் மலையாளம் என்று ஒதுக்குகிறார்கள். தொல்காப்பியத்தைத் திறந்தால் ‘தாழென் கிளவி கோலொடு புணரின் அக்கிடை வருதல் உரித்தும் ஆகும்’ என்று சூத்திரமே இருக்கிறது. தாழ், நடுவே அக்கு என்ற சாரியை, அப்புறம் கோல்: தாழக்கோல். அதில் ஒரு ழகரம் தேய்ந்ததுதான் நம் தாக்கோல். அந்த நூல் அரங்கேறியதே அதங்கோட்டு ஆசான் முன்னால்தான், அவர் எங்கள் ஊர்க்காரர் என்பதை நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். தாக்கோலை நிறுவனம் இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்ட கார்டுதான் தங்கச்சி சொன்ன அந்தப் பீரோக் கார்டு.

தக்கலை, சனி மதியம்

ஐயா, சூத்திரம் சரி, தாக்கோலும் சரி. ஆனால் தாழ் என்றால் தாழ்வும் உண்டே? ‘தாழில் கார்டு’ என்றால் தாழ்வில்லாத, உயர்ந்த ரகக் கார்டு என்று விளம்பரம் மாதிரி ஆகிவிடும்.

குளச்சல் (திருவனந்தபுரத்தில் வேலை), சனி இரவு

சொல்லைத் தேடும் முன் எது திறந்திருக்கிறது என்று பாருங்கள். முதலாவது ஆவணம், கார்டின் எந்தப் பதிவகத்தில் (ரெஜிஸ்டரில்) எதை எழுதினால் என்ன நடக்கும் என்கிற கணக்கு. ரேடியான் கார்டுகளின் நிறுவனமான ஏஎம்டி 2007இல் ஆவணங்களைத் தருவோம் என்று அறிவித்த பிறகு டிரைவர் எழுதுகிறவர்கள் பாடு எளிதானது. அது கிடைக்காமல் என்விடியா கார்டுகளுக்குத் திறமூல டிரைவர் எழுதிய நூவோ குழுவினர், மூடிய டிரைவர் கார்டுக்கு என்ன எழுதுகிறது என்று ஒட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இரண்டாவது டிரைவர். மூன்றாவதுதான் உண்மையான திறந்த வன்பொருள், சுற்றின் வடிவமைப்பே வெளியே இருப்பது. 2004இல் டிமோதி மில்லர் தொடங்கிய ஓப்பன் கிராபிக்ஸ் புராஜெக்ட் அதற்குத்தான் முயன்றது. ஓஜிடி1 என்று எஃப்பிஜிஏ (உள்சுற்றைப் பிறகும் மாற்றி அமைக்கக்கூடிய சிப்) வைத்த கார்டு வரை வந்தது, சொந்தச் சிப் வார்க்கும் அளவுக்குப் போகவில்லை. டீச்சரின் ரேடியான் கார்டில் மூன்றாவது கிடையாது. அதைத் திறவட்டை என்றாலும் தாழில் என்றாலும் பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுக்கிறோம்.

ரோம் சிக்கலுக்கு 1994லேயே வழி சொன்னார்கள். கணினியை எழுப்பும் நிரலுக்கான ஓப்பன் ஃபர்ம்வேர் தரத்தில் கார்டின் தொடக்க நிரலை ஃபோர்த் என்ற நிரல்மொழி வழி வந்த எஃப்கோடில் எழுதுவார்கள், எந்தச் செயலியும் வாசிக்கலாம். சன் நிறுவனக் கணினிகள், பழைய மேக் எல்லாம் அப்படி ஓடின. பிசிக்குச் செய்த கார்டுகளில் அது இல்லை, அதனால் மேக்குக்காரர்கள் ரோமை அழித்து மாற்றி எழுதித் திண்டாடினார்கள். இங்கே திருவனந்தபுரத்தில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கில் வேகா, சென்னை ஐஐடியில் சக்தி என்று நம் கைக்கெட்டும் தூரத்திலேயே ரிஸ்க்-வி செயலிகள் செய்கிறார்கள். நாளைக்கு அவற்றில் படம் வரவேண்டும் என்றால் இந்த மூன்றும் யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. எனக்கு ‘ஆவணம் திறந்த கார்டு’, ‘டிரைவர் திறந்த கார்டு’, ‘வடிவம் திறந்த கார்டு’ போதும். நீளம்தான், ஆனால் பொய் இல்லை.

மார்த்தாண்டம், ஞாயிறு காலை

குளச்சல் தம்பி சொல்வதற்கு என் ஓட்டு. இதைக் கடையில் சொன்னாலும் விளங்கும்.

அதங்கோடு, ஞாயிறு காலை

அது கலைச்சொல் இல்லை, வாக்கியம். சொல் சுருங்கினால்தான் நாவில் நிற்கும். பதவுரையை எல்லாம் தலைப்பில் வைக்க முடியாது.

நாகர்கோவில், ஞாயிறு இரவு

தலைப்பில் ‘திறவன்பொருள்’ போட்டுவிட்டேன், உள்ளே குளச்சல் தம்பியின் மூன்றும் தனித்தனியாக வருகின்றன. கார்டு கார்டாகவே இருக்கிறது. புறனடைக் கணினியை எடுத்துக்கொண்டேன், ஐயாவுக்கு நன்றி. தாழில் இந்த முறை இல்லை.

அதங்கோடு, ஞாயிறு இரவு

திறவன்பொருள் என்றால் திறவன் என்று ஒருவனுடைய பொருள் என்று பிரிப்பார்கள். என் எதிர்ப்பைப் பதிந்துவைக்கிறேன். அடுத்த பதிப்பில் பேசுவோம்.

மார்த்தாண்டம், ஞாயிறு இரவு

டீச்சர், இப்போது அனுப்பிய கோப்பில் 14ஆம் பக்கம் கடைசிப் பத்தியில் ஒரு ‘தரமற்ற’ இன்னும் இருக்கிறது.