வில்லாக்காரர்களிடம் ஊர் வரி கேட்பது தப்பா?

ஹட்டிக்காரன்:
நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஹட்டி, அதாவது படுகர் ஊர். மேலே இருந்த தேயிலைத் தோட்டம் மனைகளாகப் பிரிந்து, இப்போது வரிசையாக வில்லாக்கள். கோவை, சென்னை, பெங்களூர் ஆட்கள். எங்கள் குலதெய்வம் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர் வரி போடுவது எங்கள் வழக்கம். இந்தத் தடவை வில்லாக்களிலும் கேட்கலாம் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. ரசீது புத்தகத்தோடு போன பையன்களை வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டார். எல்லாரும் என்ன சொல்கிறீர்கள்?

மேட்டுவீடு:
எனக்கும் குன்னூர்ப் பக்கம் அப்படி ஒரு வீடு இருக்கிறது, அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன். பஞ்சாயத்துக்கு வீட்டு வரி கட்டுகிறேன். தண்ணீருக்கு டேங்கர். குப்பைக்குத் தனி ஆள். எனக்கு ஊர்க்கூட்டத்தில் இடம் கிடையாது, கணக்கு கேட்கும் உரிமையும் கிடையாது. அப்புறம் வரி மட்டும் எதற்கு? நன்கொடை என்று கேளுங்கள், விருப்பம் இருந்தால் தருவேன். அப்புறம், வெளியூர்க்காரன் என்று ஒதுக்குவதும் வேண்டாம். பீல்டு மார்ஷல் மானெக்‌ஷா பார்சி, பிறந்தது அமிர்தசரஸ். அவரைக் குன்னூர்க்காரர் இல்லை என்று யார் சொல்வீர்கள்?

இலைமூட்டை:
அவர் ஓய்வுபெற்ற பிறகு 2008-இல் கண்மூடும் வரை குன்னூரிலேயே வாழ்ந்தவர். நீங்கள் ஏப்ரல் மே வந்து மேகத்தைப் போட்டோ எடுத்துவிட்டு இறங்குகிறீர்கள். மிச்ச நாளெல்லாம் வாசல் லைட்டைப் போட்டு அணைக்க ஒரு ஆள். எங்கள் பக்கத்து வில்லாவில் வேலி போட்டதில் இலை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வரும் ஒத்தையடிப் பாதை அடைபட்டது. இப்போது தலையில் மூட்டையோடு ஓடையைச் சுற்றி வருகிறோம். காட்டெருமைக்கும் அதே வேலிதான். அது வழி தெரியாமல் எங்கள் தேயிலைக்குள் நிற்கிறது. விடியலில் இலை பறிக்கப் போகிறவள் அதன் எதிரே போய் நின்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வரி கிடக்கட்டும், முதலில் பாதையைப் பேசுங்கள்.

கோவைக்குளிர்:
எல்லாம் சரி, நிலத்தை விற்றது யார்? ரேட் ஏறியபோது சிரித்துக்கொண்டே பத்திரம் போட்டவர்கள் இப்போது அழுவானேன்? அதோடு படுகரும் மைசூர்ப் பக்கமிருந்து மலை ஏறி வந்தவர்கள் என்றுதானே சொல்கிறார்கள்? வந்தவர்களுக்குள் முந்தி வந்தவன், பிந்தி வந்தவன் என்ன கணக்கு?

பழையதடம்:
கேட்டீர்களே, அந்தக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். படுகர் வந்தபோது இங்கே தோடர், கோத்தர், குறும்பர் என்ற பழங்குடிகள் இருந்தார்கள். விளைந்த தானியத்தில் ஆண்டுதோறும் தோடருக்கு ஒரு பங்கு போனது. மண்பாண்டமும் இரும்புச் சாமானும் கோத்தரிடமிருந்து வந்தன, படுகர் வீட்டுச் சாவுக்குக் கோத்தர் வாத்தியம் வந்தது. வந்தவர்கள் இருந்தவர்களோடு கொடுக்கல் வாங்கலில் நுழைந்தார்கள். அடுத்து வந்தவர் வெள்ளைக்காரர் காலத்துக் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன். ஊட்டியில் தோடரிடம் ஏக்கர் 1 ரூபாய் என்று நிலம் வாங்கியதாகப் பதிவு இருக்கிறது. கோத்தகிரிப் பக்கம் கன்னேரிமுக்கில் அவர் பங்களா இன்னும் நிற்கிறது. மேலேறி வர இரண்டு வழி இருந்தது. வில்லாக்காரர்கள் எடுத்தது எந்த வழி?

கோவைக்குளிர்:
சல்லிவனோடு என்னைச் சேர்த்துவிட்டீர்கள், நன்றி. நான் மார்க்கெட் விலை கொடுத்தவன்.

ஹட்டிக்காரன்:
விற்றது நாங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் எதற்கு விற்றோம் என்று கேளுங்கள். எங்கள் தாத்தா காலத்தில் உருளைக்கிழங்கு. எங்கள் படுகர் தலைவர் ஆரி கவுடர் போன்றவர்கள் கூட்டுறவு விற்பனைச் சங்கம் நடத்தி இடைத்தரகனை ஒதுக்கிய காலம். அப்புறம் தேயிலைக்கு மாறினோம், 1962-இல் குந்தாவில் கூட்டுறவுத் தொழிற்சாலை வந்தது, பிள்ளைகள் காலேஜ் போனார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தது. பறிக்கிற கூலி, உரம் போக ஒன்றும் மிஞ்சவில்லை. பையன் பெங்களூர் போய்விட்டான், கிழவன் கிழவிக்கு அரை ஏக்கர் தோட்டம் எதற்கு என்று விற்றார்கள். இதில் சிரிப்பு எங்கே வந்தது?

இன்னொன்று. 7 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்று 1993-இலேயே விதி. அதற்குப் பதிலாகச் சரிவை வெட்டி அடியில் ஒரு மாடி இறக்குகிறார்கள். 2009 நவம்பரில் மண் சரிந்து மாவட்டத்தில் 40-க்கும் மேல் செத்தார்கள். மேலே வெட்டினால் மண் வந்து விழுவது கீழே இருக்கிற எங்கள் கூரையில்.

மேட்டுவீடு:
என் வீடு விதிப்படி கட்டியது, பிளான் அப்ரூவல் கையில் இருக்கிறது. மற்றவனுக்காக நான் திட்டு வாங்க முடியாது. ஆனால் பாதை விஷயம் நியாயம். அது எத்தனை வருஷமாகப் புழக்கத்தில் இருந்தது என்று காட்டினால் எந்த வேலியும் நிற்காது.

தோட்டத்துப்பையன்:
நடுவில் ஒரு வார்த்தை. என் பாட்டி 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தவள். அப்பா வில்லாவில் தோட்டக்காரர், அம்மா ஹட்டிக்காரர் தோட்டத்தில் இலை பறிக்கிறாள். பண்டிகைக்கு எங்களிடம் வரி கேட்டதும் இல்லை, கூட்டத்துக்குக் கூப்பிட்டதும் இல்லை. வில்லாவில் அப்பாவுக்குப் பாத்ரூம் தனிக் கொட்டகையில். நீங்கள் இருவரும் யார் ஊர்க்காரன் என்று சண்டை போடுவதைப் படிக்க வேடிக்கையாக இருக்கிறது. அந்த ரசீது புத்தகத்தை எங்கள் லைனுக்கும், அதாவது தொழிலாளர் குடியிருப்புக்கும், கொண்டு வாருங்கள், 100 ரூபாய் தருகிறோம். கூட்டத்தில் எங்கே உட்காருவது என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஹட்டிக்காரன்:
பண்டிகை எங்கள் குலதெய்வக் காரியம் தம்பி, அதில் முறை இருக்கிறது. பாதை, தண்ணீர், மண் வெட்டுவதெல்லாம் பொதுக் காரியம். அதற்கு மூன்று பக்கமும் உட்காரலாம். ஊர்த் தலைவரான கவுடரிடம் கேட்கிறேன்.

மேட்டுவீடு:
அப்படியானால் வரியையும் இரண்டாகப் பிரியுங்கள். பொதுக் காரியத்துக்கு நீங்கள் கேட்கிற பணம் தருவேன், கணக்கு காட்ட வேண்டும்.

இலைமூட்டை:
கணக்கு ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம். திங்கட்கிழமை இலை எடுக்க வேண்டும். அந்த வில்லா ஓனர் நம்பர் யாரிடமாவது இருந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.