புது கார்பரேட்டர் மாட்டியும் வண்டி சரியாகலையா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பதிவு 1 (புல்லட் 350)

தொண்ணூறுகள்ல வந்த வண்டி. பழைய வி.எம். 24 கார்பரேட்டர்ல காத்தைத் திறந்து மூடற ஸ்லைடு தேய்ஞ்சு போச்சுன்னு புதுசு மாட்டினது. கிக்கருக்கு உடனே எடுத்துச்சு, ஆனா ஆக்ஸிலேட்டரை விட்டா ரேஸ் இறங்கவே இல்லை. நாலஞ்சு செகண்டு அப்படியே நின்னு, அப்புறம் மெதுவா விழும். ஐடிலிங் ஸ்க்ரூவை முழுக்க வெளியே எடுத்தும் அதே கதிதான். கேபிள்ல 3 மி.மீ. லூஸ் இருந்துச்சு, ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுக்கத் திருப்பினாலும் சத்தம் மாறலை. அப்ப காரணம் கேபிள் இல்லை.

ஐடிலிங்ல ஓடும்போது ஃபிளாஞ்சு (கார்ப் இன்ஜினோட சேர்ற முகம்) ஓரத்துல கார்ப் கிளீனரைத் துளியூண்டு அடிச்சதும் இன்ஜின் சத்தம் சட்டுனு மாறிடுச்சு. அந்த ஒரு நொடியிலேயே காரணம் தெரிஞ்சுபோச்சு: அங்கதான் வெளிக்காத்து உள்ள போகுது. சைலன்சர் பக்கம் படாம அடிக்கணும், தீப்பிடிக்கும்.

கழட்டி ஃபிளாஞ்சைக் கண்ணாடி மேல வச்சா நடுவுல வெளிச்சம் தெரிஞ்சது. ரெண்டு நட்டையும் வெறித்தனமா இறுக்கினதுல நட்டு மாட்டற காது ரெண்டும் வளைஞ்சிருக்கு. 400 நம்பர் தண்ணி எமரியைக் கண்ணாடியில விரிச்சு, எட்டு போடற மாதிரி தேய்ச்சு மட்டமாக்கி, புது ஓ-ரிங் போட்டு, ரெண்டு நட்டையும் மாத்தி மாத்திக் கால் சுத்து கால் சுத்தா இறுக்கினதும் ரேஸ் ஒழுங்கா விழுந்துச்சு.

பதிவு 2 (ஆர்.எக்ஸ். 100)

டூ ஸ்ட்ரோக்ல இதே லீன் கோளாறு (காத்து கூடி பெட்ரோல் குறையறது) வந்தா ரேஸ் நிக்கறதோட முடியாது. புது கார்ப் மாட்டின வண்டி 20 கி.மீ. நல்லா இழுத்துட்டு, வேகமா போயிட்டிருக்கும்போதே பின் சக்கரம் கிறீச்சுன்னு நின்னுடுச்சு. பிஸ்டன் ஜாம். பிளக் முனை சுண்ணாம்பு மாதிரி வெள்ளை.

பிரிச்சுப் பார்த்ததுல ரெண்டு தப்பு. ஸ்லைடுல தொங்கற ஊசியோட கிளிப் மேல் காடியில இருந்துச்சு. கிளிப் மேல ஏறினா ஊசி கீழ இறங்கும், பெட்ரோல் குறையும். இது தெரியாம தலைகீழா மாத்தறவங்க நிறைய. அடுத்தது மெயின் ஜெட் (பெட்ரோல் வர்ற ஓட்டை உள்ள திருகாணி): பழசுலயும் புதுசுலயும் ஒரே நம்பர்தான், ஆனா பழசுல வழுக்கிட்டுப் போன கம்பி இழை புதுசுல நுழையவே இல்லை. டூப்ளிகேட்ல நம்பரை நம்பாதீங்க. மரை ஒண்ணா இருந்தா பழைய ஜெட்டையும் ஊசியையும் புது பாடியில போடுங்க.

ஆயில் பம்ப் இன்னும் கழட்டாத வண்டின்னா, கார்ப் மாத்தினதும் கேபிள் அட்ஜஸ்ட்மென்ட் மாறும். பம்ப் புல்லியில உள்ள குறி நேரா வருதான்னு பார்க்காம வண்டியை எடுக்காதீங்க.

பதிவு 3

முதல் பதிவு போட்ட அண்ணனுக்கு: எமரில தேய்ச்சது பாதிதான் சரி. தேய்க்கத் தேய்க்க ஓ-ரிங் உட்கார்ற காடி ஆழம் குறையும். அப்புறம் ரிங் தூக்கிக்கிட்டு நிக்கும், இறுக்கும்போது காது மறுபடியும் வளையும். ஆறு மாசத்துல அதே இடத்துக்குத்தான் வருவீங்க. தேய்ச்சா காடி ஆழத்தை அளந்து மெல்லிசு ரிங் போடணும். இல்லைன்னா கார்புக்கும் இன்ஜினுக்கும் நடுவுல வர்ற பேகலைட் கட்டையையும் மட்டம் பாருங்க. பாதி வண்டியில வளைஞ்சிருக்கறது அதுதான்.

யாரும் கேக்கலை, இருந்தாலும் சொல்றேன். கோளாறு எந்த இடத்துல வருதுன்னு பார்க்காம எல்லா ஸ்க்ரூவையும் திருப்பக் கூடாது. ஆக்ஸிலேட்டர்ல டேப் ஒட்டிக் கோடு போடுங்க. மூடினதுல இருந்து எட்டுல ஒரு பங்கு வரைக்கும் பைலட் ஜெட் (ஐடிலிங்குக்கான சின்ன ஜெட்), ஏர் ஸ்க்ரூ. அதுல இருந்து கால் வரைக்கும் ஸ்லைடோட வெட்டு. கால்ல இருந்து முக்கால் வரைக்கும் ஊசி. அதுக்கு மேலதான் மெயின் ஜெட். 40ல போகும்போது திணறுற வண்டிக்கு மெயின் ஜெட் மாத்தறது வீண் செலவு.

வி.எம்.ல ஏர் ஸ்க்ரூ ஃபில்டர் பக்கம் இருக்கும். உள்ள திருகினா ரிச் (பெட்ரோல் கூடும்), வெளிய எடுத்தா லீன். மெதுவா முழுக்க உள்ள விட்டு ஒன்றரை சுத்து வெளிய எடுத்து, இன்ஜின் நல்லா சூடானப்புறம் கால் கால் சுத்தா தேடுங்க. மூணு சுத்துக்கு மேல வெளிய எடுத்தாதான் ஓடுதுன்னா பைலட் பெருசு. முழுக்க உள்ள போனாதான் ஓடுதுன்னா பைலட் சின்னது, இல்லை அடைப்பு.

இன்னொண்ணு, இப்ப பெட்ரோல்ல கலக்கற எத்தனால். ஒரு கிலோ சுத்தமான பெட்ரோல் எரிய 14.7 கிலோ காத்து வேணும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதம் கலந்தா கணக்கு ஏறக்குறைய 13.5க்கு வந்துடும். அதாவது பழைய ஜெட் அப்படியே இருந்தாலும் வண்டி லீனாத்தான் ஓடும். ஆர்.எக்ஸ். 100 நண்பர் பழைய ஜெட்டைப் போடச் சொல்றதோட நிறுத்திட்டார். அதுக்கு மேல கிளிப்பை ஒரு காடி கீழ போட்டு ஊசியை ஏத்தி, பிளக்கைப் பார்த்து, தேவைன்னா மெயின் ஜெட்டை ஒரு சைஸ் கூட்டணும். பிளக் பார்க்கறதும் ஐடிலிங்ல நிறுத்திட்டு இல்லை. அரை கி.மீ. ஒரே சீரா இழுத்து, கிளட்சைப் பிடிச்ச கையோட சாவியை ஆஃப் பண்ணிக் கழட்டினாதான் நிஜ நிறம்.

பதிவு 4 (மாருதி 800)

கார் விஷயம், சுருக்கமா. கார்ப் மாத்தினப்புறம் ஆக்ஸிலேட்டர் மிதிச்சா ஓடுச்சு, காலை எடுத்தா அணைஞ்சுடுச்சு. ரெண்டு தடவை பிரிச்சுக் கழுவியாச்சு, பிரயோஜனம் இல்லை. கடைசியில பார்த்தா பெட்ரோல் கட் சோலனாய்டு (சாவியை ஆஃப் பண்ணா பெட்ரோலை நிறுத்தற மின் வால்வு) வயர் மாட்டவே இல்லை, தொங்கிட்டு இருந்துச்சு. கார்பைப் பிரிக்கறதுக்கு முன்னாடி சாவியை ஆன் பண்ணி, வயரைக் கழட்டி மாட்டிப் பாருங்க. டக்குனு ஒரு சத்தம் வரணும். வரலைன்னா முதல்ல வயர்ல 12 வோல்ட் வருதான்னு பாருங்க.