பழைய லீ-என்ஃபீல்ட்: குளிரில் ரவை வெடிக்குதில்லை

வடக்குக்காடு:
ஒன்ராறியோவில் மான் வேட்டைக்கு வைத்திருப்பது கனடாவின் லோங் பிறாஞ்ச் தொழிற்சாலையில் செய்த லீ-என்ஃபீல்ட் நம்பர் 4, பழைய பட்டாளத்துத் துவக்கு, .303 அளவு ரவை. யாரோ முன்பே கட்டையை வெட்டி வேட்டைத் துவக்காக மாற்றியிருக்கிறார்கள். கோடையில் ரேஞ்சில் ஒரு குறையும் இல்லை. நவம்பர் விடியற்குளிரில் விசையை இழுத்தால் 'டிக்', அவ்வளவுதான். பின்னால் உள்ள குமிழைக் கையால் இழுத்து அதே ரவையைத் திரும்ப அடித்தால் சிலவேளை வெடிக்கிறது. ரவை கடையில் வாங்கிய புதுசு. ஸ்பிறிங்கை மாற்றவா?

பழையகை:
தம்பி, முதலில் அந்தப் பழக்கத்தை விடுங்கோ. 'டிக்' கேட்டால் குழலைப் பாதுகாப்பான பக்கம் பிடித்தபடி குறைந்தது 30 விநாடி பொறுக்க வேண்டும், ரவை பிந்தியும் வெடிக்கும். போல்ட்டை, அதாவது குழலின் பின்வாயை மூடும் தண்டைத், திறப்பது அதற்குப் பிறகுதான்.

கோடையில் நல்லம், குளிரில் இல்லை என்றால் எனக்குச் சந்தேகம் ஸ்பிறிங்கில் இல்லை, போல்ட்டுக்குள் இருக்கும் கிறீஸில்தான். பட்டாளத்துத் துவக்குகளைக் களஞ்சியத்தில் வைக்கும்போது பூசிய கிறீஸ் போல்ட்டுக்குள் இறுகிக் கிடக்கும், வெளியே எவ்வளவு துடைத்தாலும் தெரியாது, குளிர் பட்டதும் இன்னும் தடித்து ரவையின் அடியில் குத்தும் ஊசியான ஃபயரிங் பின்னின் வேகத்தைக் குறைத்துவிடும். துவக்கில் ரவை இல்லை என்று பார்த்துவிட்டு போல்ட்டை எடுத்து, தலையைக் கழற்றி, பின்பக்கத்துச் சின்னத் திருகாணியையும் எடுத்த பிறகு பின்னைக் கழற்றலாம். அதற்கென்று இரண்டு பல் வைத்த கருவி விற்கிறார்கள், குறடு போட்டு முறுக்கினால் ஃபயரிங் பின் கெட்டுப்போகும். கரைப்பான் போட்டுக் கழுவிக் காயவிட்டு, கிட்டத்தட்ட எண்ணெயே இல்லாமல் பூட்டுங்கோ.

ஆறாம்விரல்:
அண்ணை சொன்னது சரி, ஆனால் வெடிக்காத ரவையின் பிறைமரையும், அதாவது பின் குத்தும் அடிப்பக்க மூடியையும், பாருங்கள். பள்ளம் ஆழமாக, நடுவில் இருந்தால் பிழை ரவையில். மேலோட்டமாக இருந்தால் ஃபயரிங் பின் வெளியே நீளும் அளவை அளக்க வேண்டும், நம்பர் 4க்கு 0.040 முதல் 0.050 அங்குலம். ஹெட்ஸ்பேஸ், அதாவது ரவையின் விளிம்புக்கு போல்ட் முகத்துக்கும் குழலுக்கும் இடையே உள்ள இடம், 0.074 அங்குலத்தைத் தாண்டினாலும் ரவை முன்னே நகர்ந்து அடியின் பலம் குறையும். சுட்ட ரவையின் வெற்றுக் கோதில் அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே சுற்றிவரப் பளபளப்பான கோடு தெரிந்தால் சுடுவதை நிறுத்தித் துவக்குத் திருத்துபவரிடம் கொடுங்கள். போல்ட் தலைகள் 0 முதல் 3 வரை நீளத்தில் வித்தியாசப்படும், கண்டதை வாங்கிப் பூட்ட வேண்டாம். என்னைக் கேட்டால் ஸ்பிறிங்கையும் மாற்றுவேன், எண்பது வருசத்துச் சாமான், விலையும் பெரிதில்லை.

வடக்குக்காடு:
கழற்றினேன். உள்ளே மண்ணிறமாக மெழுகு மாதிரி ஒட்டியிருக்கிறது, பின்னைக் கையால் தள்ளவே கஷ்டம். பிறைமர்களில் பள்ளம் மேலோட்டம்தான். கோதில் கோடு ஒன்றும் இல்லை.

பழையகை:
அப்ப அதுதான். கழுவிப் பூட்டிய போல்ட்டை ஒரு இரவு ஃபிறீசரில் வைத்து, காலையில் வெறும் துவக்கில் போட்டு அடித்துப் பாருங்கோ, சத்தம் அறை வெப்பத்தில் கேட்டது போலவே இருக்க வேண்டும். வேட்டை முடிந்து சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் இரும்பு வியர்க்கும், போல்ட்டை வெளியே எடுத்துக் காயவிடாமல் அடுத்த நாள் கொண்டுபோனால் அந்த ஈரம் உள்ளே உறைந்து திரும்பவும் 'டிக்' தான்.