பலாப் பலகையில் புத்தக அலமாரி: எவ்வளவு வரைந்தால் போதும்?

வேளிமலை அடிவாரம் கேட்டது:

2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடித்த அன்று எங்கள் வீட்டுக்குப் பின்னால் நின்ற பலா வேரோடு சாய்ந்தது. எத்தனையோ வருஷம் சக்கைப்பழம் தின்ற மரம், விறகுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. மில்லில் அறுத்து, இடையில் கட்டை வைத்து அடுக்கிப் போட்டேன். போன வாரம்தான் தூசி தட்டினேன். ஒன்பது பலகை தேறுகிறது. எல்லாம் ஏழடி நீளம், ஒன்றேகால் இஞ்ச் கனம். ஓரத்து வெள்ளையை வண்டு தின்றிருக்கிறது. அதை நீக்கினால் ஒன்பது இஞ்ச் அகலம் மிஞ்சும்.

மகள் பிளஸ் ஒன். அவளுக்கு ஆறடி உயரம், நாலடி அகலத்தில் ஓர் அலமாரி. நானே செய்யப் போகிறேன். இதுவரை செய்தது ஒரு ஸ்டூலும் கோழிக்கூடும்தான். கூட்டின் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று கோழி உள்ளே போன பிறகுதான் யோசித்தேன்.

ஒரு வாரமாகக் கம்ப்யூட்டரில் ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண வரைபட மென்பொருளில் உட்கார்ந்திருக்கிறேன். சுற்றிச் சுற்றிப் பார்க்க நன்றாக இருக்கிறது, எதை எவ்வளவு நீளத்துக்கு அறுக்க வேண்டும் என்றுதான் தெரியவில்லை. அந்தக் காலத்து ஆசாரிகள் பேப்பரையே தொட்டதில்லை என்கிறார் அம்மா. எவ்வளவுதான் வரைய வேண்டும்?

முந்திரித்தோப்பு:

பிளைவுட் ஷீட் வாங்கிப் போட்டு வேலையை முடிங்க அண்ணே.

குழித்துறை ஆற்றங்கரை:

தம்பி, பலாவை வைத்துக்கொண்டு பிளைவுட்டுக்குப் போகாதே. மஞ்சளாக இருக்கிற வைரம், அதாவது மரத்தின் உள்கட்டை, வெளிச்சம் பட்டுப் பட்டுத் தவிட்டு நிறத்துக்கு வரும் அழகே வேறு.

வரைவதைப் பற்றி என் கதையைச் சொல்கிறேன். மேலே மரப்பலகை மச்சு அடித்த பழைய அறை, உயரம் ஏழடி இரண்டு இஞ்ச். அதற்குள் ஏழடி உயரம், இரண்டடி ஆழத்தில் துணி அலமாரி செய்தேன். தரையில் படுக்கப் போட்டுத்தான் இணைத்தேன். நாலு பேர் பிடித்து நிமிர்த்தினோம். பாதிக்கு மேல் வந்ததும் மூலை போய் மச்சில் இடித்தது. அலமாரி ஏழடிதான், அதன் பக்கவாட்டு மூலைவிட்டம் ஏழடி மூன்று இஞ்ச்சுக்கு மேல்! கடைசியில் அடிப்பீடம் நாலு இஞ்ச்சை அறுத்தெடுத்து, பெட்டியை நிமிர்த்தி, பீடத்தை மறுபடி அடியில் தள்ளினோம். அலமாரியை அழகாக வரைந்திருந்தேன், அறையை வரையவில்லை.

ஆகவே கிராஃப் பேப்பர் எடு. ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்து முதலில் சுவரை வரை. சுவிட்ச் போர்டு, ஜன்னல், தரையோரத்து ஸ்கர்டிங் டைல்ஸ் எல்லாம் வரட்டும். அலமாரி அதற்கப்புறம்.

நாலடி நீளத்தட்டு வேண்டாம். புத்தகம் அடுக்கிய தட்டின் நீளத்தை இரட்டித்தால் தொய்வு இரட்டிப்பாகாது, பதினாறு மடங்காகும். நடுவில் ஒரு பலகையை நிறுத்தி இரண்டடி இரண்டடியாகப் பிரி. ஏ4 நோட்டு 297 மில்லி உயரம். மேல்பலகை, கீழ்ப்பலகை, நடுவில் நாலு தட்டு, மூன்று இஞ்ச் பீடம் என்று போட்டால் ஒரு கட்டத்துக்குப் பன்னிரண்டரை இஞ்ச் கிடைக்கும், தாராளம். பலகைக் கணக்கு: இரண்டு பக்கமும் நடுவும் சேர்த்து மூன்று. இரண்டு பலகையில் நாலடித் துண்டு ஒன்று, இரண்டடித் துண்டு ஒன்று என்று எடு. இன்னும் இரண்டு பலகையில் மூன்று மூன்று இரண்டடித் துண்டு. ஏழோடு முடிந்தது. வெடித்த முனைகளைக் கழிக்க ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஓரடி இருக்கிறது. மிச்சம் இரண்டையும் கீறி முதுகுப்பட்டை ஆக்கலாம். பட்டைகளுக்கு நடுவே ஒரு நாணயம் நுழையும் இடைவெளி விடு. வருஷத்துக்கு இரண்டு மழை வாங்கும் ஊர், மரம் அகலத்தில் உப்பும்.

பிறகு ஒரு மூலையையும் நடுப்பலகை இணைப்பையும் மட்டும் பழைய பிளைவுட் துண்டில் முழு அளவில் வரை. இழைத்தபின் பலகை 25 மில்லி வரும் என்று வைத்துக்கொள். தட்டின் முனை உட்காரப் பலகையில் 8 மில்லி ஆழத்துக்குக் காடி, அதாவது பள்ளம், வெட்டு. அப்படியானால் தட்டின் நீளம் உள்ளளவோடு 16 மில்லி கூட. இதை மறந்துவிட்டு உள்ளளவுக்கே அறுப்பவர்கள் நிறையப் பேர். நடுப்பலகையில் இரண்டு பக்கமும் நேரெதிரே காடி வெட்டினால் மிஞ்சுவது 9 மில்லிதான். இடது தட்டை ஓர் இரண்டு இஞ்ச் ஏற்றிவை. இது ஸ்கெட்ச்அப்பிலும் இருக்கும், ஆனால் சுற்றிப் பார்க்கும்போது கண்ணில் படாது. பேப்பரில் கோடு போடுகிற கைக்கு உடனே உறைக்கும்.

நாஞ்சில் உளி:

எங்கள் தாத்தா ஆசாரிதான். பேப்பரைத் தொட்டதில்லை என்பது சரி, வரைந்ததில்லை என்பது தப்பு. அவருடைய அளவுகோல், கோல் என்பார்கள், 72 சென்டிமீட்டர், அதில் 24 விரல். வேலை தொடங்குமுன் ஒரு நீளப் பட்டையில் தட்டு எங்கே, காடி எங்கே, பீடம் எங்கே என்று எல்லாவற்றையும் கீறி வைத்துவிடுவார். பக்கப்பலகை இரண்டுக்கும் அதே பட்டையைப் பக்கத்தில் வைத்துக் குறிப்பார். டேப்பை ஒவ்வொரு தடவையும் இழுத்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு மில்லி ஓடும், பட்டையில் ஓடாது. இரண்டு பக்கமும் ஒரே தப்பாக இருந்தாலும் தட்டு மட்டமாக உட்காரும். ஒரு வார்த்தை மட்டும்: எல்லாப் பலகையையும் இழைத்துக் கனத்தை அளந்த பிறகு பட்டையைக் கீறுங்கள். 25 வரும் என்று நம்பியிருந்தால் 23 வரும்.

வேளிமலை அடிவாரம்:

நேற்று ராத்திரி சுவரை வரைந்தேன். சுவிட்ச் போர்டு அலமாரிக்குப் பின்னால் போகிறது. ஸ்கர்டிங் அரை இஞ்ச் துருத்திக்கொண்டிருக்கிறது, அதற்குப் பக்கப்பலகையின் அடியில் வெட்டுக் கொடுக்க வேண்டும். அலமாரியை எதிர்ச் சுவருக்கு மாற்றலாம் என்றால் ஜன்னல் கதவு முழுக்கத் திறக்காது. மகளிடம் படத்தைக் காட்டினேன். அகலத்தை மூன்றரை அடியாக்கினால் போர்டு தப்பிக்கும் என்று அவள்தான் கண்டுபிடித்தாள். பலகை இழைக்க ஞாயிற்றுக்கிழமை மில்லுக்குப் போகிறேன். அண்ணே, அந்த 9 மில்லி விஷயத்துக்கு நன்றி, நான் நேரெதிரேதான் வரைந்து வைத்திருந்தேன்.