ப்ரீபில்ட் ஸ்கிரிப்ட் ஆபீஸ் மெஷின்ல மட்டும் ஓடல, எரரும் வரல

தூக்கம்கெட்டவன்:
மக்களே ஒரு உதவி. வீட் (Vite, வெப் ஆப் பில்ட் பண்ற டூல்) ப்ராஜெக்ட், பேக்கேஜ் ஜேசான்ல (ப்ராஜெக்ட் செட்டிங்ஸ் ஃபைல்) பில்ட், ப்ரீபில்ட்னு ரெண்டு ஸ்கிரிப்ட் இருக்கு. ப்ரீபில்ட் வேலை, மொழிபெயர்ப்பு ஷீட்ட படிச்சு ஜேசான் ஃபைலா எழுதி வெக்கிறது. என் லேப்டாப்ல என்பிஎம் (npm, ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் மேனேஜர்) ரன் பில்ட் அடிச்சா முதல்ல ப்ரீபில்ட் தானா ஓடிட்டு அப்புறம் பில்ட் ஓடுது. ஆபீஸ்ல புதுசா குடுத்த மெஷின்ல அதே ரெப்போ அதே பிராஞ்ச், ஆனா பில்ட் மட்டும் ஓடி சக்சஸ்னு முடிஞ்சிடுது, பழைய ஜேசானே உள்ள போகுது, ப்ரீபில்ட் பத்தி ஒரு வரி கூட காட்டல, எரர் வந்தாலாவது தேடிப் பாக்கலாம். தனியா என்பிஎம் ரன் ப்ரீபில்ட் அடிச்சா நல்லாவே ஓடுது.

செமிகோலன்:
என்பிஎம்முக்கு பதிலா யார்ன் 2க்கு மேலயா? அதுல நாம எழுதுற ஸ்கிரிப்டுக்கு முன்னாடி பின்னாடி ஓடுற ப்ரீ போஸ்ட் ஸ்கிரிப்ட் தானா ஓடாது, வேணும்னேதான் விட்டுட்டாங்க. நோட்.ஜேஎஸ் 22ல வந்த நோட் --ரன் கமாண்ட் கூட அப்படித்தான்.

தூக்கம்கெட்டவன்:
இல்லண்ணா சுத்தமான என்பிஎம், ரெண்டு பக்கமும் ஒரே வெர்ஷன். அப்புறம் இந்த மெஷின்ல கமிட் பண்றப்ப தானா செக் ஓட்டுற ஹஸ்கி ஹூக்கும் வேலை செய்யல, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

மதுரைடெவ்:
இருக்கு, அதான் க்ளூவே. ஹஸ்கி செட்டாகறது ப்ரிப்பேர் ஸ்கிரிப்ட்ல, இன்ஸ்டால் பண்றப்ப அது ஓடியிருக்கணும். "என்பிஎம் கான்ஃபிக் கெட் இக்னோர்-ஸ்கிரிப்ட்ஸ்" அடிங்க. ட்ரூன்னு வந்தா அதுதான் ஆள். பேர் சொல்லி கூப்பிடுற ஸ்கிரிப்ட் ஓடும், அதோட ப்ரீயும் போஸ்டும் ஓடாது, வார்னிங்கும் குடுக்காது.

தூக்கம்கெட்டவன்:
அட ட்ரூ!! ஹோம் ஃபோல்டர்ல இருக்குற என்பிஎம் செட்டிங் ஃபைல் .என்பிஎம்ஆர்சில இருக்கு, ஐடி டீம் போட்டே குடுத்திருக்காங்க போல. ஃபால்ஸ் ஆக்கிடவா?

மதுரைடெவ்:
ஐயோ வேணாம், அவங்க போட்டது சரிதான். 2021 அக்டோபர்ல யூஏ-பார்சர்-ஜேஎஸ் பேக்கேஜ கைப்பத்தி ப்ரீஇன்ஸ்டால் வழியா கிரிப்டோ மைனர இறக்கினாங்க, இன்ஸ்டால் அடிச்சாலே போதும் ஓடிடும். இன்னொரு பேக்கேஜ் மேனேஜரான பிஎன்பிஎம் 10ல டிபென்டென்சி (நாம சேக்குற அடுத்தவங்க பேக்கேஜ்) ஸ்கிரிப்ட தானாவே தடுத்து வெக்கிறதும் இந்த பயத்துலதான். நீங்க ப்ரீபில்ட் பேர ஜென்னு மாத்திட்டு, பில்ட்ல "என்பிஎம் ரன் ஜென் && வீட் பில்ட்"னு எழுதிடுங்க. பேர மாத்தாம விட்டா வீட்டு லேப்டாப்ல ரெண்டு தடவ ஓடும். ஹஸ்கிக்கு என்பிஎம் ரன் ப்ரிப்பேர் ஒருதடவ கையால அடிச்சா போதும்.

செமிகோலன்:
பெட்டர்-எஸ்க்யூலைட்3 மாதிரி நேட்டிவ் பேக்கேஜ் (சி++ கோடு உள்ளது) இருந்தா பைண்டிங்ஸ் ஃபைல் கிடைக்கலன்னு ரன்டைம்ல கத்தும். அதுக்கு மட்டும் என்பிஎம் ரீபில்ட் போட்டு, பேக்கேஜ் பேரு குடுத்து, கூடவே --இக்னோர்-ஸ்கிரிப்ட்ஸ்=ஃபால்ஸ். மத்ததுக்கு கதவ திறக்காதீங்க.

தூக்கம்கெட்டவன்:
ஓடுது ஓடுது, ரொம்ப நன்றிண்ணா ரெண்டு பேருக்கும். நேட்டிவ் எதுவும் இல்ல. போஸ்ட்பில்ட்ல ஜிப் போடுற ஸ்கிரிப்ட் ஒண்ணு கிடந்துச்சு, அதையும் பில்ட் வரியிலயே கடைசில சேத்துட்டேன்.