7018 வெல்டிங் ராடு ஒட்டிக்கொள்கிறது, வெல்டில் ஊசித் துளைகள்: மழையா, மெஷினா?

மோல்மேன்_பட்டறை
வணக்கம். பர்மாவில், மோல்மேனில் சின்ன பட்டறை, கேட், கிரில், டிரெய்லர் ரிப்பேர் என்று வருகிற வேலையைச் செய்கிறோம். இப்போது நெல் மூட்டை ஏற்றும் டிரெய்லர் ஒன்றுக்கு இழுவைக் கொக்கி வைக்க வேண்டும், 10 மி.மீ. தகடு. பாரம் இழுக்கிற இடம் என்பதால் வழக்கமான 6013 ராடு வேண்டாம் என்று 3.2 மி.மீ. 7018 எடுத்தேன். தட்டினால் ஒட்டிக்கொள்கிறது, பிடித்து எரிந்தாலும் படபடவென்று தெறிக்கிறது, வெல்டின் மேல் படியும் கசடை, ஸ்லாக்கை, தட்டி எடுத்தால் அடியில் ஊசி குத்தின மாதிரி துளைகள். அதே மெஷினில் 6013 ஒழுங்காகத்தான் ஓடுகிறது. ராடு பாக்கெட் கோடையில் பிரித்தது, பிளாஸ்டிக் பையில் சுருட்டி அலமாரியில் கிடந்தது. இங்கே மழை பிடித்ததிலிருந்து கட்டின கைலிகூடக் காயவில்லை. மெஷின் 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் வகை வெல்டிங் மெஷின். ராடு போச்சா, மெஷின் போச்சா?

பெகு_தம்பி
அண்ணே, ராடுதான். இரும்பு மேல் ஒட்டவிட்டுக் கொஞ்ச நேரம் பிடியுங்கள், சிவந்ததும் எடுத்தால் ஈரம் போய்விடும். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். இல்லையென்றால் வெயில் அடிக்கும்போது தகரக் கூரைமேல் பரப்பிவிடுங்கள்.

ரங்கூன்_ஃபிட்டர்
முடிவுக்கு வருவதற்கு முன் சிலது சொல்லுங்கள். ராடு பிடிக்கும் ஹோல்டர் பிளஸ்ஸில் இருக்கிறதா மைனஸில் இருக்கிறதா? எத்தனை ஆம்பியர்? மெஷின் ஓடுவது லைன் கரண்டிலா ஜெனரேட்டரிலா?

மோல்மேன்_பட்டறை
ஹோல்டர் மைனஸில், 6013க்கு எப்போதும் அப்படித்தான். 120 வைத்திருக்கிறேன். லைன் எப்போது வரும் போகும் என்று தெரியாது, அதனால் பகலில் பெரும்பாலும் 3 கே.வி.ஏ. ஜெனரேட்டர்.

கப்பல்துறை_ஓய்வு
தம்பி, உங்களுக்கு ஒரு கோளாறு இல்லை, மூன்று. மழையை மட்டும் திட்டாதீர்கள்.

முதலில் ஹோல்டர். 6013இன் பூச்சு ரூட்டைல், அதாவது டைட்டானியம் டை ஆக்சைடு, ஏ.சி., பிளஸ், மைனஸ் எதில் போட்டாலும் ஆர்க், அதாவது ராடு நுனியில் எரியும் மின்பொறி, அணையாமல் நிலைக்கும். 7018இன் பூச்சு சுண்ணாம்புக்கல்லும் ஃப்ளோர்ஸ்பாரும் இரும்புத் தூளும் சேர்ந்தது, அது கேட்பது டி.சி. பிளஸ், அல்லது அதற்கேற்ற வோல்ட்டேஜ் உள்ள ஏ.சி. மைனஸில் போட்டால் ஆர்க் அலையும், தெறிக்கும், துளையும் விழும். காய்ந்த ராடாக இருந்தாலும் இப்படித்தான். கேபிளை மாற்றிச் செருகுங்கள், காசு செலவில்லாத வேலை.

இரண்டாவது ஜெனரேட்டர். 120 ஆம்பியரில் ஆர்க் வோல்ட்டேஜ் சுமார் 25, பெருக்கினால் 3 கிலோவாட். மெஷினுக்குள் போகும் இழப்பைச் சேர்த்தால் மூன்றரை ஆகிவிடும், சாதாரண இன்வெர்ட்டரின் பவர் ஃபேக்டரையும் கணக்கில் எடுத்தால் ஜெனரேட்டரிடம் 5 கே.வி.ஏ. பக்கம் கேட்கும். உங்களுடையது மூன்று. ராடு தட்டுகிற நேரத்தில்தான் மெஷின் அதிகமாக இழுக்கும், அந்த நேரம் பார்த்து வோல்ட்டேஜ் விழுந்தால் ஒட்டாமல் என்ன செய்யும்? லைன் வரும்போது கொக்கியைப் போடுங்கள், கிரில் வேலையை ஜெனரேட்டருக்கு விடுங்கள். இல்லை என்றால் 2.5 மி.மீ. ராடு, 80 ஆம்பியர், பாஸ், அதாவது வெல்டு ஓட்டும் தடவை, அதிகமாகும், அவ்வளவுதான். அதுவும் அந்த ஜெனரேட்டருக்கு இழுபறிதான்.

மூன்றாவதுதான் ஈரம். பூச்சில் ஏறின தண்ணீர் ஆர்க்கின் சூட்டில் உடைந்து ஹைட்ரஜனாகிறது, உருகின இரும்பு அதைக் குடித்துக்கொள்கிறது. ஆறும்போது கொஞ்சம் குமிழியாக வெளியே வரும், நீங்கள் பார்க்கும் துளைகளில் இதுவும் உண்டு. மிச்சம் உள்ளே தங்கி, வெல்டுக்குப் பக்கத்தில் சூட்டில் கடினமான இரும்புக்குள் போய் உட்காரும். கடினமான இரும்பு, தடித்த தகடு என்றால் சில மணி நேரம் கழித்தோ இரண்டு நாள் கழித்தோ விரிசல் விடும். துளை கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது, எனக்கு இதில்தான் பயம். 7018க்கு லோ ஹைட்ரஜன் என்று பெயர் வைத்ததே இதற்காக, நனைந்துவிட்டால் அந்தப் பெயருக்கு அர்த்தமில்லை.

பெகு தம்பி சொன்னதைச் செய்யாதீர்கள். ஒட்டவிட்டுச் சிவக்க வைத்தால் உள்கம்பி சூடேறிப் பூச்சு வெடித்து உதிரும். வெயில் விஷயமும் அப்படித்தான், பூச்சுக்குள் பிணைந்த ஈரம் வெயிலுக்கு அசையாது. 7018க்கு 260 முதல் 430 டிகிரி செல்சியஸுக்குள் இரண்டு மணி நேரம் ஓவன் வேண்டும், எந்தச் சூடு என்று பாக்கெட்டிலேயே போட்டிருப்பார்கள். வீட்டு ஓவன் பெரும்பாலும் 250இல் நின்றுவிடும். சுட்டெடுத்ததை 120 டிகிரிக்குக் குறையாத பெட்டியில் வைத்து, வேண்டியதை மட்டும் எடுக்க வேண்டும். அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் கட்டுமான விதியில் சாதாரண 7018 வெளிக்காற்றில் இருக்கலாம் என்று சொல்லும் நேரம் 4 மணி, பெயருக்குப் பின்னால் ஆர் எழுத்து போட்ட ராடுக்கு 9 மணி. உங்களுடையது கோடையிலிருந்து கிடக்கிறது.

பெகு_தம்பி
சரிங்க ஐயா. பழைய ஃபிரிட்ஜில் குண்டு பல்பு போட்டு ராடு வைப்பார்களே, அதாவது உதவுமா?

கப்பல்துறை_ஓய்வு
6013க்கு நல்லது, அதற்கு அந்த இளஞ்சூடு போதும். நனைந்த 7018ஐ அது காப்பாற்றாது. 6010 ராடு இருந்தால் அதை எந்தப் பெட்டியிலும் வைக்காதீர்கள். அதன் பூச்சு செல்லுலோஸ், உள்ளே கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் ஆர்க் சரியாக வரும், காயவைத்தால் கெடும்.

தாட்டோன்_அக்கா
இடையில் ஒரு சந்தேகம். அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது, தம்பி வெல்டு செய்யும்போது பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். ஆபத்தா?

ரங்கூன்_ஃபிட்டர்
அக்கா, நாற்காலியைத் தள்ளிப் போடுங்கள். பேஸ்மேக்கரின் கம்பி முனையில் இருப்பதும் நம் ராடு மாதிரி எலக்ட்ரோடுதான், இதயத் தசையிலிருந்து வரும் சில மில்லிவோல்ட் துடிப்பை அது கேட்டுக்கொண்டிருக்கும். வெல்டிங் கேபிளின் காந்தப்புலத்தைத் துடிப்பு என்று எடுத்துக்கொண்டால், இதயம் தானாகத் துடிக்கிறது என்று நினைத்துப் பேஸ்மேக்கர் நிறுத்திக்கொள்ளலாம். பேஸ்மேக்கர் வைத்தவரே வெல்டு செய்வதானால் 160 ஆம்பியருக்குக் கீழே, ஆர்க்கிலிருந்து நெஞ்சு 60 செ.மீ.யாவது தள்ளி என்று தயாரிப்பாளர்கள் சொல்வார்கள். அப்பாவுக்கு அந்த அவசியமே இல்லையே, அறைக்கு வெளியே இருக்கட்டும். எந்த மாடல் என்று அட்டை கொடுத்திருப்பார்கள், அதை டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

மோல்மேன்_பட்டறை
ராத்திரி லைன் வந்தது. ஹோல்டரைப் பிளஸ்ஸுக்கு மாற்றி அதே பழைய ராடைத் துண்டுத் தகட்டில் போட்டேன், ஒட்டுவது நின்றுவிட்டது, தெறிப்பும் பாதிக்குமேல் குறைந்தது. துளை மட்டும் ஆரம்பிக்கிற இடத்தில் ஒன்றிரண்டு வருகிறது. கடையில் உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்து மூடின சின்ன பாக்கெட் 7018 இருக்கிறதாம், விலைதான் அதிகம். ஏற்கெனவே கொக்கியில் ஒரு பாஸ் ஓட்டிவிட்டேன், அதற்கு மேலேயே புது ராடு போடலாமா?

கப்பல்துறை_ஓய்வு
போடாதீர்கள். பழைய பாஸைக் கிரைண்டரில் முழுசாக எடுங்கள், துளை அடியில் இருந்தால் மேலே எத்தனை பாஸ் ஓட்டினாலும் அது அங்கேயே இருக்கும். வாங்குவது சின்ன பாக்கெட்டாகவே இருக்கட்டும், பிரித்த அன்றே தீர்த்துவிடலாம். தகட்டைத் துரு போகத் தேய்த்து, கேஸ் டார்ச்சில் ஈரம் போகிற அளவுக்குச் சூடு காட்டுங்கள், முதலில் வியர்த்துப் பிறகு காயும், காய்ந்த பின் ஆரம்பியுங்கள். ஆர்க்கைக் குட்டையாகப் பிடியுங்கள். தொடங்கும்போது வெல்டு போகிற வழியிலேயே சற்று முன்னால் தட்டிப் பின்னுக்கு வந்து அப்புறம் முன்னேறினால் ஆரம்பத் துளையும் உருகிப் போகும்.

ஒன்று கேட்கிறேன், கைலியும் ரப்பர் செருப்புமாகவா நிற்கிறீர்கள்? ராடு எரியாதபோதும் ஹோல்டரில் 60, 70 வோல்ட் இருக்கும், வியர்த்த கைக்கு அது போதும். காய்ந்த பலகைமேல் நின்று, காய்ந்த கையுறையோடு ராடை மாற்றுங்கள்.

மோல்மேன்_பட்டறை
கையுறை ஈரமாகத்தான் இருந்தது ஐயா, இன்னொரு ஜோடி வாங்குகிறேன். முடித்த பிறகு கொக்கியை எத்தனை நாள் கழித்துக் கொடுக்கலாம்?

கப்பல்துறை_ஓய்வு
இரண்டு நாள் வைத்திருங்கள். வெல்டின் ஓரத்தை மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் மாவைப் பூசிப் பாருங்கள், மேலே விரிசல் இருந்தால் எண்ணெய்க் கோடு மாவில் தெரியும்.